வடித்த நிறை

சுவிசிலிருந்து வந்த பெட்டியில்
எண்பத்து நாலு ரின் பட்டாணி.
ஒவ்வொரு ரின்னிலும் மூன்று மொழி.
மூன்றும் எனக்குத் தெரியாது.
புரோட்டீன் மட்டும் எங்கேயும் புரோட்டீன்தான் போல,
நூறு கிராமில் நாலரை.
உப்பு அரைக்கிராம்.
நான் தேடியது இரும்பு. அது எழுதவில்லை.
மொத்தம் நானூறு என்று போட்டு,
கீழே சின்னதாய் இருநூற்றி எண்பது.
மிச்சம் நூற்றிருபது எங்கே போனதென்று
கிளினிக் மேசையில் வைத்து யோசித்தேன்.
கத்தி நுனியால் குத்தித் திறந்ததும் தெரிந்தது.
தண்ணீர்.
ஒட்டுசுட்டானுக்கு, வைகாசி மாதத்தில்,
கடல் கடந்து வந்த தண்ணீர்.

வல்லாரைக்கு லேபல் இல்லை.
சந்தையில் ஒரு பிடி எண்பது ரூபாய்,
வாழைநாரால் கட்டியது.
வேர், சேறு, பழுத்த இலை, ஒரு குட்டி நத்தை
எல்லாம் அந்த எண்பதுக்குள் அடக்கம்.
பிள்ளைகளை நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன்.
முள் அசையவில்லை.
இரண்டாவது பிடிக்கும் இல்லை.
மூன்றாவதற்குத்தான்
நித்திரையால் எழும்புகிறவன் போல
ஒரு கோடு தாண்டியது.

புத்தகம் சொல்கிறது: கீரையில் இரும்பு கூட.
அதே புத்தகம் அடுத்த பக்கத்தில்:
அதில் பெரும்பங்கு உடம்பில் சேராது,
தேசிக்காய் பிழிந்தால் கொஞ்சம் சேரும்,
கையோடு தேத்தண்ணி குடித்தால் அதுவும் குறையும்.
பத்து வருசமாய் இதைத்தான்
தாய்மாருக்குச் சொல்லி வருகிறேன்.
சொல்லி முடிந்ததும்
எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுப்போம்.

நிறஞ்சினிக்கு ஹீமோகுளோபின் எட்டு தசம் ஒன்பது.
வல்லாரை சாப்பிடுறனீரோ என்றேன்.
சிரித்தாள்.
"காலமை ஐஞ்சு பத்துக்கு கார்மென்ட்ஸ் பஸ், மிஸ்.
திரும்பி இறங்கேக்கை இருட்டிப் போயிடும்.
வல்லாரை பிடுங்க வெளிச்சம் வேணும்.
ஆய வேணும், மண் போகக் கழுவ வேணும், அரிய வேணும்.
ரின்னுக்கு ஒரு கத்தி காணும்."

வாய்க்கால் கரையில் சும்மா கிடக்குதே என்றேன்.
அதற்கு அவள் சிரிக்கவில்லை.

மண்டையோடு கீறின சிவப்புப் பலகையைக்
கழற்றிக்கொண்டு போய் ஆறு வருசம்.
துப்புரவாக்கியாயிற்று என்று கடிதமும் இருக்கிறது.
அந்தப் பக்கம்தான் இலை உள்ளங்கை அகலம்.
நானும் போவதில்லை.
ஒற்றையடிப் பாதையை விட்டு
ஒரு சாண் விலகச் சொன்னால்
என் கால் கடிதம் வாசிக்காது.

எந்த லேபலிலும் இதற்கு வரி இல்லை:
நூறு கிராமில் எவ்வளவு வெளிச்சம்,
எவ்வளவு குனிதல்,
எத்தனை மில்லிகிராம் பயம்.

மேலிடத்துப் படிவத்தில் ஒரு கேள்வி.
நன்கொடை உணவா, உள்ளூர் உணவா
கூடிய போசாக்குடையது? காரணம் தருக.
இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
முதல் வரியில் வல்லாரை என்று எழுதினேன்.
அது சரி, யார் வந்து கேட்டாலும் சரி.
இரண்டாவது வரியில் எழுதி வெட்டி
எழுதி வெட்டி
பேனையை வைத்துவிட்டு
நிறஞ்சினியின் பையில் ஒரு ரின்னைப் போட்டேன்.
பிறகு இன்னொன்று.
உப்புத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சமையும் என்றேன்.

ஆனி கிளினிக்குக்குப் பிள்ளையோடு வந்தாள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லாரை வறையாம்,
சந்தைப் பிடிதான்,
பட்டாணியையும் அதுக்குள்ளேயே போட்டு.
"பட்டாணியைத் தெரிஞ்சு தெரிஞ்சு தின்னுறான் மிஸ்.
இலை ஒட்டிக்கொண்டு உள்ளே போகுது."

தொங்கவிட்டேன்.
காலை உதறித் தராசையே ஆட்டினான்.
முள் நிற்கும்வரை
நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.
கூடியது இருநூற்றி எண்பது கிராம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏனென்று அவளுக்குச் சொல்லவில்லை.
அட்டையில் புள்ளி வைத்தேன்.
நல்லகாலம், அதில்
காரணம் கேட்டு இடம் விடவில்லை.